குறை கேட்க வந்தவருக்கு வைத்த விருந்து

எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் ஸலாம் சொல்வோம். அடுத்து "சொகமா?" என்று கேட்போம். அதற்குப் பதில் ஒன்றுதான். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல." காய்ச்சலில் கிடப்பவரும் அதையே சொல்வார். கொழும்பில் கடை நொடித்து வெறுங்கையோடு வந்து இறங்கியவரும் அதையே சொல்வார். அல்லாஹ் கொடுத்ததில் குறை சொல்லக் கூடாது, புகழ்தான் சொல்ல வேண்டும் என்று பேச்சு வரும் வயதிலேயே நாக்கில் பழக்கிவிடுவார்கள். அது நல்ல பழக்கம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அல்லாஹ்விடம் சொல்ல வேண்டிய பதிலை எங்கள் ஊர் ஒரு தடவை சர்க்கார் ஆபீசரிடம் சொன்னது. அதை நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். என் பக்கத்தில் என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் வராது. பள்ளிக்கூடமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் தாள்களைப் படித்துப் படித்துத்தான் எழுத்து மறக்காமல் இருந்தது. ஆகவே அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் கடற்கரை ஊர். வாலிப ஆண்கள் பெரும்பாலும் கொழும்புக் கடைகளில் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான், தங்கச்சி மாப்பிள்ளையும் அங்கேதான். ஊரில் இருந்தது பெண்களும், வயதானவர்களும், கரையோரக் குடிசைகளில் வலை இழுத்துப் பிழைக்கிறவர்களும். ஊருக்கும் பஸ் போகும் ரோட்டுக்கும் நடுவே ஓர் உப்போடை. வெயில் காலத்தில் அதன் மேலேயே மாட்டு வண்டி போகும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓடை நிறைந்துவிடும். பிறகு தை பிறக்கும் வரை வண்டி போகாது. ஆஸ்பத்திரி என்றால் ராமநாதபுரம்தான்.

தங்கச்சிக்கு முதல் பிரசவம் கோடையில் வந்தது. வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. ஊர் மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "இது என் கைக்கு அடங்கல, கொண்டு போங்கம்மா" என்று அவளே அழுதாள். ஓடை காய்ந்திருந்ததால் வண்டி போனது. ராமநாதபுரத்தில் ஒரு லேடி டாக்டர் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார். பிள்ளை உயிரோடு இல்லை. தாய் பிழைத்தாள். "அடுத்த தடவை வலி வரட்டும் என்று காத்திருக்காதே. மாதம் நெருங்கும்போதே ஒரு நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீ பிழைப்பது கஷ்டம்" என்று அந்த டாக்டர் அவள் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்.

தங்கச்சி என்னைப்போல் இல்லை. அவள் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். வீட்டுக்கு வந்து அதையும் எல்லாருக்கும் நடித்துக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பேசியதை அப்படியே செய்தாள். உம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் மாப்பிள்ளை லீவில் வந்துவிட்டுப் போனார். தங்கச்சி மறுபடி பிள்ளைத்தாச்சி ஆனாள். கணக்குப் பார்த்தால் பிரசவம் கார்த்திகையில் வரும். ஓடையில் வண்டி போகாத மாதம்.

அந்தச் சமயத்தில்தான் அம்மை குத்துகிறவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து விவசாய ஊர்க்காரர். சர்க்கார் சம்பளத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவார். எங்கள் பெரியவாப்பாவிடம் அவருக்கு ஒட்டுதல். பெரியவாப்பாதான் ஜமாத்துத் தலைவர். எங்கள் வாப்பா மவுத்தான பிறகு எங்கள் இருவரையும் வளர்த்து, கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

வீட்டின் முன்பக்க அறையில் அவர்கள் பேசியது எங்களுக்கு உள்ளே கேட்டது.

"மொதலாளி, இந்தக் கரைக்குன்னு பிரசவ நிலையம் ஒண்ணுக்கு சர்க்கார்ல கிராண்டு ஒதுக்கியிருக்காக. சுத்துப்பட்டு ஊரெல்லாம் கேக்குது. ஒண்ணே ஒண்ணுதான். எங்கன கஷ்டம் சாஸ்தியோ அங்கனதான் குடுப்பாகளாம். ஆபீசரு நேர்ல பாக்க வாராரு."

"கட்டடம் கட்டி முடிக்க வருசக் கணக்காகுமேப்பா."

"கட்டடம் பெறகு மொதலாளி. ஊர்ல ஒரு வீட்ட ஒழிச்சுக் குடுத்தா, நர்சம்மாவையும் மருந்துப் பெட்டியையும் உடனே அனுப்பிருவாகளாம்."

"வீடென்ன வீடு, என் சரக்குக் கிட்டங்கியவே தாரேன். நாளைக்கே சுண்ணாம்படிக்கச் சொல்றேன்."

உள்ளே தங்கச்சி என் கையைப் பிடித்து இறுக்கினாள். கார்த்திகைக்கு முன்னால் ஒரு நர்ஸ், ஓடைக்கு இந்தப் பக்கம், எங்கள் தெருவிலேயே.

அம்மை குத்துகிறவர் குரலைத் தாழ்த்தினார். "சுண்ணாம்பெல்லாம் வேணாம் மொதலாளி. ஆபீசரு வாரப்ப கஷ்டத்தக் காட்டணும். கரையில காச்சல்ல கெடக்குற சனத்தக் காட்டுங்க. புள்ளத்தாச்சிக படுற பாட்டச் சொல்லுங்க."

"எங்க வீட்டுப் பொம்பளைகள வரிசையில நிறுத்தி ஆபீசருக்குக் காட்டச் சொல்றியா?"

"அய்யய்யோ, காட்டச் சொல்லல. வாயால சொல்லுங்கன்னுதான் சொல்றேன்."

"சொல்லுவோம், சொல்லுவோம். முதல்ல வாரவரு மனசு குளுரட்டும். இந்த ஊருக்கு வந்து பசியோட போனவன்னு ஒருத்தன் உண்டா?"

"இல்ல மொதலாளி. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். பெரியவாப்பா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்.

நர்ஸ் வந்துவிட்டதுபோலவே தங்கச்சி நடந்துகொண்டாள். கிட்டங்கியின் ஜன்னலுக்குக் கொழும்புச் சீட்டித் துணியில் ஒரு திரை தைத்தாள். நர்சம்மா மீன் சாப்பிடுவாரா, சைவமா என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ராமநாதபுரத்தில் தெரிந்த வீடு ஒன்றில் முன்கூட்டியே போய்த் தங்கலாமா என்று உம்மா ஒருநாள் கேட்டதற்கு, பெரியவாப்பா, "நர்சே தெருவுக்கு வருது. வயித்துப் புள்ளக்காரிய அடுத்தவக வீட்ல போட்டு வைக்கிறதா?" என்று சொல்லிவிட்டார். உம்மாவும் அதோடு விட்டுவிட்டாள்.

ஆபீசர் வருவதற்கு முன் ஊர் பெருநாளுக்குத் தயாராவதைப் போலத் தயாரானது. தெருவெல்லாம் வெள்ளை மணல் பரப்பினார்கள். கரைக்குப் போகும் சந்தின் வாயைப் பந்தல் துணி கட்டி மறைத்தார்கள். அங்கேதான் கருவாடு காயும், அங்கேதான் காய்ச்சல் குடிசைகளும் இருந்தன. விருந்தாளி மூக்கைப் பொத்தக் கூடாது என்பது பெரியவாப்பாவின் கவலை. பந்தல் துணிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு வலைக்காரர், "மொதலாளி, எங்களையும் சேத்துக் கட்டிட்டீகளே, நாங்க மூச்சு விடலாமா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள்.

வீடு வீடாகப் போய்ச் சீனாத் தட்டுகளும் பன்னீர்ச் செம்பும் வாங்கி வந்தார்கள். எங்கள் ஊரில் விருந்து என்றால் ஸஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் சோறு வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். ஆபீசருக்கு அது பழக்கம் இருக்காது என்று அவருக்கு மட்டும் தனித் தட்டு, மற்றவர்களுக்கு ஸஹன். அடுப்படியில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டோம். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, இனிப்புக்குத் தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து வேக வைக்கும் வட்டிலப்பத்தைத் தங்கச்சியைத் தவிர வேறு யாரும் செய்ய ஊரில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவள் முக்காலியில் உட்கார்ந்து முட்டை அடித்தாள். பாதங்கள் வீங்கிக் கொலுசு கழற்ற முடியாமல் இருந்தது.

"காலப் பாருடி, யானைக்கால் மாதிரி" என்றாள் ஒரு மைனி.

"ஆபீசருட்டக் காட்டவா மைனி? இந்தக் காலுக்கே ரெண்டு நர்ச அனுப்பிருவாரு" என்றாள் தங்கச்சி. அடுப்படியே சிரித்தது.

ஆபீசர் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குடை. திரையின் ஓரத்தில் ஒரு நூலிழை பிரிந்திருந்த இடத்தின் வழியாக நான் பார்த்தேன். அவர் நல்லவராகவே தெரிந்தார். பன்னீர் தெளித்தபோது கூச்சப்பட்டார். தட்டைக் கையில் எடுத்து, "இவ்வளவு மெல்லிசான பீங்கானா!" என்றார்.

"கொழும்புல இருந்து வந்தது. எல்லா வீட்லயும் உண்டு" என்றார் பெரியவாப்பா. எல்லா வீட்டுத் தட்டும் அங்கேதான் இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

வட்டிலப்பத்தை ஆபீசர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். தங்கச்சி என் தோளில் தன் தோளால் இடித்தாள்.

கை கழுவிய பிறகு அவர் கேட்டார். "ஊரில் நோய் நொடி எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு கொறையும் இல்ல" என்றார் பெரியவாப்பா. கூட இருந்த ஜமாத்துக்காரர்களும் ஒன்றுபோல், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

அம்மை குத்துகிறவர் இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார்.

"தண்ணி குடிங்கப்பா" என்றார் பெரியவாப்பா.

"பெண்களுக்குப் பிரசவ சமயத்தில் கஷ்டம் உண்டா?" என்று ஆபீசர் கேட்டார்.

பெரியவாப்பாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டுப் பெண்களின் பிரசவத்தைப் பற்றி ஓர் ஆண் கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை தெரியாது. "எங்க பொம்பளைகளுக்கு நாங்க ஒரு கொறையும் வைக்கல. இன்ஷா அல்லாஹ், நீங்க ஒரு நர்ச அனுப்பினாலும் ராணி மாதிரி வச்சுக்குவோம்."

"அனுப்பினாலும்" என்றார். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்பது அவருக்குப் பிச்சையாகப் பட்டது.

ஆபீசர் சுற்றிலும் பார்த்தார். மணல் பரப்பிய தெரு, சுண்ணாம்படித்த கிட்டங்கி, பட்டுத் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள். ஒரு பெண் முகம் கூட அவர் கண்ணில் படவில்லை. "ரொம்ப சந்தோஷம். இந்தக் கரையில் இப்படி ஓர் ஊரா!" என்றார். வாய் நிறையச் சொன்னார்.

திரைக்குப் பின்னால் தங்கச்சி என் காதில், "கேட்டியா லாத்தா, நமக்குக் கொறையே வைக்கலயாம். கால்ல மட்டும் கொஞ்சம் வீக்கத்த வச்சிருக்காக" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் காரியம் ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. இவ்வளவு திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் இல்லை என்றா சொல்லப்போகிறார்?

சில வாரங்கள் கழித்து அம்மை குத்துகிறவர் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"எங்க ஊருக்குக் குடுத்துட்டாக மொதலாளி" என்றார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"உங்க ஊருக்கா? அங்க நெல்லு வெளையுதே!"

"எங்க ஊர்க்காரனுக காட்டுன காட்சிய நீங்க பாத்திருக்கணும். ஆபீசரு வாராருன்னதும் கட்டிலத் தெருவுல போட்டானுக. ஒரு கெழவி, நேத்து வரைக்கும் வயக்காட்டுல கள பறிச்சவ, அன்னைக்குப் போத்திக்கிட்டு முனங்குறா. ஏலே, கொஞ்சம் மெதுவா முனங்கச் சொல்லுலே, ஆபீசரு பயந்துருவாருன்னு ஒருத்தன் சொல்றான். ஒரு வாய் மோர் கூடக் குடுக்கல மொதலாளி அந்த மனுசனுக்கு. குடிக்கத் தண்ணி கேட்டதுக்குக் கலங்கல் தண்ணியக் காட்டி, இதான் எங்க தண்ணின்னானுக."

தங்கச்சி உள்ளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுவரைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றாள்.

பெரியவாப்பா தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். "முனங்கி வாங்கியிருக்கான். வாங்கட்டும். நம்ம ஊருக்கு அந்த நெலம வரல, அல்ஹம்துலில்லாஹ்."

அந்த ஊர்ப் பெண்களும் பிள்ளை பெறும்போது செத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். அந்தக் கிழவி நடித்தாள் என்றாலும் அவள் மகள்களில் ஒருத்தி அப்படிப் போனவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் ஏமாற்றி வாங்கினார்கள் என்று நான் பல வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். உண்மையில் அவர்கள் தங்களிடம் இருந்ததைக் காட்டினார்கள். நாங்கள்தான் இல்லாததைக் காட்டினோம்.

இப்போது உம்மா பிடிவாதமாக நின்றாள். தங்கச்சியை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய்த் தங்குவது என்று முடிவானது. கொழும்பிலிருந்து மாப்பிள்ளையின் பதில் வர வேண்டும், தெரிந்த வீட்டில் ஓர் அறை ஒழிய வேண்டும் என்று நாள் போனது. ஐப்பசி மழை அந்த வருஷம் முன்னாலேயே இறங்கியது. வலியும் முன்னாலேயே வந்தது.

காலையில் வலி பிடித்தது. மருத்துவச்சி தொட்டுப் பார்த்ததும், "என்னைய நம்பாதீக, கெளம்புங்க" என்றாள். ஓடையில் வண்டி இறங்காது. பந்தல் துணிக்கு அந்தப் பக்கம் இருந்த வலைக்காரர்கள்தான் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு வந்தார்கள். கட்டிலோடு அவளைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்தார்கள். நானும் உம்மாவும் கட்டில் கொள்ளாத ஒரு சின்னத் தோணியில் கூடவே போனோம். மழையில் அவள் மேல் போர்த்திய சாக்கு நனைந்து ஊறிப்போயிருந்தது. தங்கச்சி அப்போதும், "லாத்தா, ஒம் முக்காடு நழுவுது பாரு" என்றாள்.

ராமநாதபுரம் போகும் பஸ் அன்றைக்கு ஓடவில்லை. அக்கரையில் கிடைத்த மாட்டு வண்டியில் ஏற்றி, வேறு வழி இல்லாமல், அம்மை குத்துகிறவரின் ஊருக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. அழுதது. நாங்கள் அந்த அழுகையைக் கேட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். ஆனால் தங்கச்சிக்கு ரத்தம் நிற்கவில்லை.

அந்த ஊரில் ஒரு ஓட்டு வீட்டில் நர்ஸ் இருந்தார். எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டியவர். சின்னப் பெண். ஓடி வந்தார், ஊசி போட்டார், வயிற்றை அமுக்கிப் பிடித்தார், தெரிந்த எல்லாவற்றையும் செய்தார்.  வெகு நேரத்துக்குப் பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து என்னிடம்தான் கேட்டார். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாமே அம்மா. எந்த ஊர்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அந்த ஊரா? அங்கே எல்லா வசதியும் இருக்குன்னுதானே சொன்னாங்க?" என்றார். குத்திப் பேசவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.  அந்த அறையின் ஜன்னலுக்குத் திரை இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி தைத்த திரை பிறகு என்ன ஆனது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா பெரியவாப்பா வீட்டில் நடந்தது. அதே ஸஹன்கள், அதே அடுப்பு. வட்டிலப்பம் மட்டும் செய்யவில்லை. வந்தவர்கள் உம்மாவிடம் துக்கம் கேட்டார்கள். "குடுத்தவன் எடுத்துக்கிட்டான், அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் உம்மா. அந்த இடத்தில் அந்தச் சொல் சரியாக இருந்தது. அதைச் சொல்லித்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவாப்பா பிள்ளைபோல அழுதார். ஆனால் அந்த விருந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, ஊரும் பேசவில்லை. தங்கச்சியின் விதி அவ்வளவுதான் என்றார்கள். மழையைக் குறை சொன்னார்கள். ஓடையைக் குறை சொன்னார்கள். குறை சொல்லக் கூடாதவர்கள் அதை மட்டும் சொன்னார்கள்.

பிள்ளையை நான் வளர்த்தேன். என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவள் தாயைப்போலவே சிரிப்பாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு, கரையோர ஊர்களைப் பார்க்க மறுபடி ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு ஒரு லேடி டாக்டர் வருகிறார், மருத்துவ நிலையத்துக்கு மறுபடி மானியம் உண்டு என்று சொன்னார்கள். பெரியவாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் எழுந்து உட்கார்ந்து, "ஆடு பாருங்க, தட்டெல்லாம் எடுங்க" என்றார். மறுபடி மணல் பரப்பினார்கள். மறுபடி சந்தின் வாயைத் துணி கட்டி மறைத்தார்கள். யாருக்கும் கை கூசவில்லை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், கை எரிந்தது.

இந்தத் தடவை வந்தவர் பெண். சாப்பிட்டு முடித்ததும், "நான் உள்ளே போய்ப் பெண்களைப் பார்க்கிறேன்" என்று திரையை விலக்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார். உம்மா எழுந்து பாய் விரித்தாள். டாக்டர் கீழே உட்கார்ந்து, "எப்படி இருக்கிறீர்கள் அம்மா? இங்கே வைத்திய வசதி எல்லாம் எப்படி? கஷ்டம் உண்டா?" என்று கேட்டார்.

உம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு சிரித்தாள். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல. நீங்க வயிறு நெறையச் சாப்புட்டீகளா? இன்னுங் கொஞ்சம் தொதல் வைக்கவா?"

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். அதில் ஒருத்தி நிறைமாதம். அப்போது தங்கச்சியின் மகள் தேநீர்த் தட்டோடு வந்தாள்.

"இருக்கு" என்றேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "கொறை இருக்கு. ஐப்பசியில ஓடை நெறஞ்சா எங்களால எங்கயும் போக ஏலாது. என் தங்கச்சி அதுலதான் போனா. இது அவ மக."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு உம்மாவைப் பார்த்தார். உம்மா எழுந்தாள். "ஏன்டி, வீட்டுக்கு வந்தவகளுட்ட மய்யத்துக் கதையா சொல்லுவாக?" என்றாள். அப்படியே அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேத்தியை நடுவில் வைத்து, "அவள ஒல வைக்கச் சொல்லு, அவள வெளக்கேத்தச் சொல்லு" என்பாள்.

டாக்டர் அன்றைக்கு அந்தப் பந்தல் துணியை விலக்கச் சொல்லி, கரைக் குடிசைகளுக்கும் நடந்து போனார். நர்ஸ் வந்தார். பெரியவாப்பாவின் அதே கிட்டங்கிதான். பிறகு மானியத்தில் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. இடம் கொடுத்ததற்காக வாசலில் கல்லில் பெரியவாப்பாவின் பெயரைப் பொறித்தார்கள். திறப்பு நாளில் அவர் பேசினார். அந்த நாளில் ஓர் ஆபீசருக்கு இந்த ஊர் வைத்த விருந்துதான் இதற்கு வித்து என்றார். கூட்டம் தலையாட்டியது. ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கசப்பு. பெண்கள் போர்த்திக்கொண்டு நிலையத்துக்குப் போவார்கள். வரிசையில் உட்கார்வார்கள். நர்ஸ், "என்ன செய்யுது?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணுமில்ல" என்பார்கள். ஒன்றும் இல்லாமல் ஏன் வந்தீர்கள் என்று நர்சுக்குக் கோபம். டானிக் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். இதைப் பிள்ளைக்கு மருந்து வாங்கப்போன இடத்தில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒருத்தி, மாதக் கணக்கில் ரத்தப்போக்கு உள்ளவள், டானிக்கோடு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, நர்சிடம் நானே சொன்னேன்.

அன்றிலிருந்து காலை நேரங்களில் அங்கே போய் ஓரமாக உட்கார்கிறேன். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. பெண்கள் என் காதில் சொல்வார்கள், நான் நர்சிடம் சொல்வேன். நாலு பேர் நடுவில் பேச வராதவளுக்கு இப்படி ஒரு வேலை. எனக்கு ஊரில் ஒரு பட்டப்பெயரும் கிடைத்துவிட்டது. "கொறைக்காரி வாரா, வழி விடுங்கடி" என்பார்கள். "இன்னைக்கு யார் வீட்டுக் கொறைய ஏலம் விடப் போறா?" என்பார்கள். மருந்து வாங்கிக்கொண்டு போகிறவர்களும் சொல்வார்கள்.

உம்மா மட்டும் அந்தப் பக்கமே வந்ததில்லை. அது குறை சொல்லி வாங்கின கட்டடம் என்பாள் பேத்தியிடம். பெரியவாப்பா மவுத்தானார். உம்மாவுக்கு நடை தளர்ந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. நான் கேட்டால் பதில் வராது. பேத்தி கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ்" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் நிலையத்தின் வாசலில் வந்து நின்றாள். வாசல் கல்லைப் பார்க்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நர்ஸ் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, "என்ன செய்யுது பாட்டி?" என்று கேட்டார்.

உம்மாவின் உதடு பழக்கத்தில் அசைந்தது. பிறகு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தாள்.

"கொறையெல்லாம் அந்தா இருக்காளே, அவகிட்டதான் இருக்கு. அவகிட்டயே கேளுங்க" என்றாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் கீழே குனிந்து உம்மாவின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் விலக்கி, வீங்கியிருந்த பாதங்களை நர்சுக்குக் காட்டினேன்.